மதுரையில் இருந்துகொண்டே ஓவியத் தொழில்: காலண்டர் முதல் சிறுவர் புத்தகம் வரை

மதுரையில் புதிதாக ஓவியத் தொழிலுக்கு வருபவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் படத்தை வரைந்து முடித்த பிறகுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிப்போய், புத்தக அட்டையில் மங்கலாக அச்சாகும். திரையில் கிளிப்பச்சையாகத் தெரிந்த சேலை தாளில் பாசி பிடித்த நிறத்தில் வந்து நிற்கும். டி.டி.பி. (கணினியில் பக்கம் அமைக்கும்) கடையில் கோப்பைத் திறந்தால் தலைப்பு எழுத்துகள் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடக்கும். தவறு யாருடையது என்று ஓவியரும் அச்சகக்காரரும் முறைத்துக்கொள்ள, பாக்கிப் பணம் நின்றுபோகும்.

உங்கள் படம் உங்களிடமிருந்து நேராக வாசகரிடம் போவதில்லை. டி.டி.பி. செய்பவர், பிளேட் (அச்சுத் தகடு) போடுபவர், மெஷின்மேன், பைண்டர் என்று நாலைந்து கை மாறித்தான் போகிறது. அடுத்த கைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பவருக்கு வேலை திரும்பத் திரும்ப வரும். சுமாராக வரைந்தாலும் கோப்பைச் சரியாகக் கொடுக்கும் ஓவியரை அச்சகம் விடாது. அதனால் இந்தக் கட்டுரையில் வரையும் கலையைப் பற்றிக் குறைவாகவும் மற்றதைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

வேலை எங்கே இருக்கிறது

முதலில் தெற்கே பாருங்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் சிவகாசி. காலண்டர், டைரி, நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை, பட்டாசு லேபிள் எல்லாம் அங்கே அச்சாகின்றன. இந்தப் பகுதியின் ஓவிய மரபே காலண்டரோடு பிணைந்தது. நாடகத் திரைச்சீலை வரைந்து, பின்னர் கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள்தான் பல தலைமுறைகளுக்குத் தமிழ் வீடுகளின் சுவரில் தொங்கின.

காலண்டர் வேலைக்கு ஒரு பருவம் உண்டு. அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை ஆடி 18 அன்று வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்குள் படங்கள் தேர்வாகி, மாதிரி அச்சும் முடிந்திருக்க வேண்டும். ஆகவே ஐப்பசியில் போய், 'காலண்டருக்குப் படம் வரைவேன்' என்று சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். தை, மாசியில் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது, புத்தகம். தமிழ்ப் பதிப்பாளர்களில் பெரும்பாலோர் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியைக் கணக்கு வைத்தே புத்தகம் போடுகிறார்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அட்டைப்பட வேலை குவியும். பிப்ரவரியில் ஒன்றும் இருக்காது. தமுக்கத்தில் மதுரைப் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் அரங்கு அரங்காகப் போய்ப் பதிப்பாளர்களைப் பார்க்கலாம். கூட்டம் இல்லாத காலை நேரமாகப் போங்கள். விற்பனை நடக்கும் மாலையில் படக் கோப்பை நீட்டினால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது, பலரும் மட்டமாக நினைக்கும் பொட்டல உறை வேலை. அப்பளம், மசாலாப் பொடி, செக்கு எண்ணெய், ஜிகர்தண்டா என்று மதுரையைச் சுற்றிச் சிறு நிறுவனங்களுக்குக் குறைவில்லை. பெயரும் புகழும் கிடைக்காது. ஆனால் ஒரு மிளகாய்ப் பொடி உறை பிடித்துப்போனால் அதே ஆள் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி என்று எட்டு உறைகளுக்கு உங்களிடமே வருவார். புதிதாக வருபவருக்கு மாதாமாதம் கையில் காசு நிற்பது இதில்தான்.

சுவர் ஓவியமும் இருக்கிறது: பள்ளி, அங்கன்வாடி, உணவகம். சதுர அடிக் கணக்கில் கூலி. சுவரைப் பார்க்காமல் விலை சொல்லிவிடாதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் சுரண்டி எடுத்து பிரைமர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழையில் உங்கள் படம் சுண்ணாம்போடு சேர்ந்து உரியும். புதுப்பூச்சுச் சுவரை நாலு வாரமாவது காயவிட வேண்டும். ஈரச் சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். சாரம் கட்டும் செலவு யாருடையது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

சுங்குடி, சின்னாளப்பட்டிச் சேலைகளுக்கு அச்சு வடிவம் வரைந்து கொடுப்பது தனித் தொழில். அதில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. வடிவப் பதிவுக்குத் தகுதியுள்ள ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் பதித்து எடுத்துவிட்டால், அதன் மீதான பதிப்புரிமை போய்விடும். ஆகவே சேலை வடிவத்துக்கு ஆயுள் முழுக்க உரிமைத் தொகை வரும் என்று கனவு காணாமல், கூலியை முன்னாலேயே நன்றாகக் கேட்டு வாங்குங்கள்.

சினிமா ஸ்டோரிபோர்டு, அனிமேஷன், கேம் வேலைகளுக்கு இன்னும் சென்னையோ பெங்களூரோதான். மதுரையில் பிறந்த டிராட்ஸ்கி மருது பத்திரிகை, புத்தக அட்டை, அனிமேஷன், சினிமா என்று எல்லாப் பக்கமும் போனவர். ஒரே கையில் இத்தனை கிளை முளைக்கும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் தொடக்கத்தில் இரண்டு கிளைகளுக்கு மேல் தொங்க வேண்டாம். மாத வருமானத்துக்கு உறையோ காலண்டரோ ஒன்று, பெயருக்குப் புத்தகம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. பட்டப்படிப்பு 4 ஆண்டுகள். தேசிய வடிவமைப்பு நிறுவனம், ஐ.ஐ.டி. வடிவமைப்புப் படிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி நுழைவுத் தேர்வு. அரசுத் தேர்வுத் துறை நடத்தும் ஓவியத் தேர்வுகள் (லோயர், ஹையர் என்பார்கள்) ஓவிய ஆசிரியர் வேலையை நோக்கிப் போகிறவர்களுக்குப் பயன்படும். வாடிக்கையாளர் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

காட்டுவதற்குப் படங்கள்

12 முதல் 15 படங்கள் போதும். நடிகர் முகத்தைப் பென்சிலில் அச்சு அசலாக வரைந்த படங்கள் இன்ஸ்டாகிராமில் விருப்பக்குறி வாங்கித் தரும்; வேலை வாங்கித் தராது. அதைப் பார்க்கும் பதிப்பாசிரியருக்கு, போட்டோவைப் பார்த்து வரைவார் என்பது மட்டும்தான் புரியும். அவர் தேடுவது வேறு:

- ஒரே பாத்திரம், ஐந்து வெவ்வேறு நிலைகளில், ஐந்திலும் அதே ஆளாகத் தெரிய வேண்டும். சிறுவர் புத்தக வேலைக்கு முதல் சோதனை இதுதான்.
- மூன்று அட்டைப்படங்கள், தலைப்பு எழுத்தோடு. எழுத்துக்கு இடம் விடத் தெரியுமா என்று பார்ப்பார்கள்.
- கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் மூன்று. மட்டமான தாளிலும் துலங்குகிறதா?
- கூட்டம் உள்ள காட்சி ஒன்று: சந்தை, தேரோட்டம், பேருந்து நிலையம்.
- ஏதாவதொரு உறையோ லேபிளோ, மடித்து ஒட்டிய நிலையில் எடுத்த போட்டோவுடன்.

பார்த்து வரைந்து பழக ஊருக்குள்ளேயே பொக்கிஷம் கிடக்கிறது. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விடியற்காலைக் கூட்டம், திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள், அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் கால இராமாயண ஓவியங்கள், கீழடி அருங்காட்சியகத்தின் பானைகளும் மணிகளும். இணையத்தில் கிடைக்கும் படத்தைப் பார்த்து வரைபவர் அந்தப் படத்தில் உள்ள பிழையையும் சேர்த்தே வரைவார். இப்போது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்கள் வேறு கலந்து கிடக்கின்றன. கோபுரத்தின் நிலைகள் ஒரு பக்கம் ஏழும் மறுபக்கம் எட்டுமாக இருக்கும்.

இந்த ஊர் வாசகர் கண்ணில் படும் பிழைகள் சில: மீனாட்சிக்கு நாலு கை போடுவது (இரண்டுதான், வலக்கையில் கிளி). அழகரை ஆற்றில் யானை மேல் இறக்குவது (தங்கக் குதிரை). ஜல்லிக்கட்டுக் காளைக்குத் திமில் இல்லாமல் சீமை மாட்டு உடம்பு வரைவது. கடைசிப் பிழையோடு ஒரு அட்டை அலங்காநல்லூர்ப் பக்கம் போனால் புத்தகத்தையே திறக்க மாட்டார்கள்.

வேலை வந்ததும்

வேலை பெரும்பாலும் வாட்ஸ்அப் குரல் பதிவாக வரும்: 'தம்பி, சும்மா ஒரு படந்தான், அஞ்சு நிமிசத்துல போட்டுரலாம்ல?' உடனே விலை சொல்லாதீர்கள். கீழே உள்ளவற்றுக்குப் பதில் வாங்குங்கள்.

எதற்குப் பயன்படப் போகிறது? அச்சில் என்ன அளவு? எத்தனை நிறம்? எத்தனை படம்? தமிழ் எழுத்து யார் சேர்ப்பது? இறுதி முடிவு சொல்பவர் யார்? எந்தத் தேதி அச்சுக்குப் போகிறது?

ஆறாவது கேள்வியை விட்டுவிட்டால் வரும் வினையைச் சொல்ல வேண்டும். மேலாளர் ஒப்புக்கொண்ட படத்தை முதலாளி மாற்றச் சொல்வார். முதலாளி ஒப்புக்கொண்டதை அவர் சம்சாரம் பார்த்து, 'பச்சை வேண்டாம், ஆரஞ்சு போடுங்க' என்பார். தப்பில்லை, அவர்கள் பணம். ஆனால் அது ரஃப் (கலருக்கு முன் போடும் முதல் மாதிரிப் படம்) கட்டத்தில் நடக்க வேண்டும். 'ரஃப்பை முதலாளி பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் கலர் தொடங்குவேன்' என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

பதில்களை வைத்து ஒரு குறிப்பு தயார் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பினாலே போதும். எதிர்ப்பக்கத்திலிருந்து 'சரி' என்று பதில் வர வேண்டும். மாதிரி:

'சார், நாம் பேசியபடி: டெம்மி அளவு நாவலுக்கு முன்னட்டை, பின்னட்டை, முதுகு. நாலு நிறம். ரஃப் மூன்று, நான்கு நாளில். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு கலர், ஆறு நாளில். ரஃப்பில் இரண்டு முறை, கலரில் ஒரு முறை திருத்தம் இலவசம். அதற்கு மேல் திருத்தம் ஒன்றுக்குத் தனித்தொகை. பாதி முன்பணம், மீதி இறுதிக் கோப்புக்கு முன். இந்தப் புத்தகத்தின் அச்சுப் பதிப்புக்கு மட்டும் உரிமை. ஓவியர் பெயர் உரிமைப் பக்கத்தில் வரும். சரி என்றால் பதில் போடுங்கள்.'

விலை எப்படிச் சொல்வது? மற்றவர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்துக்கொண்டிருப்பதைவிட, உங்கள் ஒருநாள் கூலி என்ன என்று கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, வீட்டுச் செலவு, மின்சாரம், இணையம், கருவித் தேய்மானம் எல்லாம் சேர்த்து மாதம் 24,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள் வேலை செய்தாலும் காசு வரும் நாள் 12தான் இருக்கும். மற்ற நாட்கள் பேச்சுவார்த்தை, திருத்தம், பாக்கி கேட்டு அலைவது. 24,000-ஐ 12-ஆல் வகுத்தால் நாள் ஒன்றுக்கு 2,000. அட்டைப்படம் மூன்று நாள் எடுத்தால் 6,000 உங்கள் அடிமட்டம். அதற்குக் கீழே போனால் கைக்காசு போட்டு வரைகிறீர்கள் என்று பொருள். 25 நாளால் வகுத்து 960 என்று விலை சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் முழிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய கணக்குப் பிழை.

'இப்ப இதப் பண்ணிக் குடுங்க, பேர் கிடைக்கும், அடுத்தடுத்து தர்றேன்' என்பவரிடம் பணிவாக, 'அடுத்ததில் குறைச்சுக்கிறேன் சார், முதல்ல முழுசாக் குடுங்க' என்று சொல்லிப் பாருங்கள். உண்மையில் அடுத்த வேலை வைத்திருப்பவர் பேரம் பேசுவார். இல்லாதவர் போய்விடுவார்.

உரிமை

இந்த இடத்தில் ஓவியர்களில் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். 'வரைந்தவனுக்குத்தான் உரிமை' என்பது பொதுவிதி. ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: பணம் கொடுத்துச் சொல்லி வரைய வைத்த வண்ண ஓவியம், உருவப்படம் போன்றவற்றுக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வரைந்தாலும் பொதுவாக நிறுவனத்துக்கே போகும். எனவே, மேலே சொன்ன மாதிரிக் குறிப்பில் உள்ள 'இந்தப் புத்தகத்தின் அச்சுப் பதிப்புக்கு மட்டும் உரிமை' என்ற வரிதான் உங்களைக் காக்கும். அது இல்லாவிட்டால் அந்த அட்டைப்படம் டி-ஷர்ட்டாக மாறும்போது கேட்க வழியிருக்காது.

உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் 19ஆம் பிரிவு வைத்துக்கொள்ளும். உரிமை முழுவதையும் விற்ற பிறகும், வரைந்தது நான்தான் என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும்.

ஸ்டோரிவீவர் போன்ற திறந்த சிறுவர் கதைத் தளங்களில் படம் ஏற்றுவது பழக நல்ல வழி. ஆனால் அங்கே உள்ள உரிமத்தின்படி, உங்கள் பெயரைக் குறிப்பிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் விற்பனைக்கும் பயன்படுத்தலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. பின்னாளில் விற்க நினைக்கும் பாத்திரத்தை அங்கே போடாதீர்கள்.

கோப்பை ஒப்படைப்பது

அட்டைப்பட அளவைத் தப்பாகப் போடுவதால் வரும் தொல்லைதான் அதிகம். டெம்மி அளவுப் புத்தகம் 5.5 × 8.5 அங்குலம். அட்டைக்கோப்பு என்பது பின்னட்டை, முதுகு, முன்னட்டை மூன்றும் சேர்ந்த ஒரே படம். முதுகின் அகலம்: பக்கத்தில் பாதி தாள், அதைத் தாளின் தடிமனால் பெருக்க வேண்டும். 160 பக்கம் என்றால் 80 தாள், தாள் 0.1 மி.மீ. என்றால் 8 மி.மீ., அதாவது 0.315 அங்குலம். ஆக அகலம் 5.5 + 0.315 + 5.5 = 11.315. வெட்டுக்குச் சுற்றிலும் 0.125 அங்குலம் கூடுதலாக விட்டால் 11.565 × 8.75 அங்குலம். 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது ஏறத்தாழ 3470 × 2625 பிக்சல்.

தாளின் தடிமனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எண்ணை வைத்து ஊகிக்காதீர்கள். ஒரே 70 ஜி.எஸ்.எம்.மில் ஒரு மில் தாள் மெல்லிதாகவும் இன்னொன்று உப்பலாகவும் இருக்கும். அச்சகத்தில் அதே தாள் 100 எடுத்து அடுக்கி, ஸ்கேலில் அளந்து நூறால் வகுத்தால் சரியான எண் கிடைக்கும். பக்க எண்ணிக்கை கடைசி நேரத்தில் மாறும். எழுத்தாளர் ஒரு முன்னுரை சேர்ப்பார். அதனால் முதுகைத் தனி அடுக்கில் வைத்து, அகலத்தை மாற்றும்படி அமைத்துக்கொள்ளுங்கள். முதுகின் நிறம் முன்னட்டையிலிருந்து சட்டென்று மாறும்படி வைத்தால், பைண்டிங்கில் அரை மி.மீ. நகர்ந்தாலும் பல்லிளிக்கும். இரண்டு பக்கமும் நிறம் தொடர்ந்து ஓடும்படி வரைவது பத்திரம்.

முக்கியமான முகம், எழுத்து எதுவும் வெட்டு ஓரத்திலிருந்து கால் அங்குலத்துக்குள் வரக்கூடாது. பின்னட்டையின் கீழ்மூலையில் ஐ.எஸ்.பி.என். கோட்டுக்குறிக்கு 2 × 1.25 அங்குலம் வெளிறிய இடம் விடுங்கள். விடாவிட்டால் நீங்கள் ஆசையாக வரைந்த பூனையின் தலைமேல் வெள்ளைக் கட்டம் விழும்.

நிறம். திரை ஒளியில் காட்டுகிறது, தாள் மையில் காட்டுகிறது. பளீர்ப் பச்சை, மின்னும் நீலம், நியான் இளஞ்சிவப்பு மூன்றும் நாலு நிற அச்சில் வராது. வரையத் தொடங்கும்போதே சி.எம்.ஒய்.கே. (சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு அச்சு மை) முன்னோட்டத்தை இயக்கி வைத்துக்கொண்டால் கடைசியில் அதிர்ச்சி இருக்காது. இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளிலேயே இந்த வசதி உண்டு. நாலு மையும் சேர்ந்து 300 சதவீதத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். போனால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். இரவுக் காட்சி வரைபவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். பெரிய கறுப்புப் பரப்புக்குக் கறுப்பு 100, சயான் 40 போதும். மெல்லிய கோட்டுக்கும் எழுத்துக்கும் கறுப்பு மட்டும் 100. மற்ற மூன்றும் பூஜ்யம். இல்லாவிட்டால் பிளேட் இம்மியளவு நகர்ந்தாலும் கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு நிழல் தெரியும்.

கையால் மையில் வரைந்த கோட்டோவியத்தை அச்சு அளவில் 600 டி.பி.ஐ.க்கு ஸ்கேன் செய்யுங்கள். செல்போனில் எடுத்த போட்டோ, எவ்வளவு நல்ல போனானாலும், ஓரத்தில் நிழல் விழுந்து கோடு சாம்பலாகிவிடும். ஃபிளெக்ஸ் பேனர் இதற்கு நேர்மாறு. தூரத்திலிருந்து பார்ப்பதால் அசல் அளவில் 72 டி.பி.ஐ. போதும்: 10 × 8 அடிக்கு 8640 × 6912 பிக்சல். அதை 300-இல் கொடுத்தால் கடைக்காரரின் கணினி மூச்சுத்திணறும், திட்டிக்கொண்டே சுருக்குவார்.

தமிழ் எழுத்து. நம் பக்கத்து அச்சகங்களில் கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருள்தான் அரசன், அதுவும் பழைய பதிப்பு. பாதிப் பேர் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் வேலை செய்கிறார்கள். எனவே எழுத்தை எழுத்தாக அனுப்பினால் சிதறும். கொம்பும் காலும் இடம் மாறி 'கோவில்' வேறு ஏதோ ஆகும். எல்லா எழுத்தையும் வளைகோடாக மாற்றி (கடைகளில் 'கர்வ் பண்ணிட்டீங்களா?' என்று கேட்பார்கள்), கோரலின் கீழ்ப் பதிப்பில் சேமித்து, கூடவே ஒரு பி.டி.எஃப்.பும் கொடுங்கள். திருத்தக்கூடிய எழுத்துள்ள கோப்பை உங்களிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வளைகோடாக்கிய பிறகு ஒரு ஒற்றுப்பிழையைக் கூடத் திருத்த முடியாது.

தினசரி காலண்டர் என்றால் தேதிக் கட்டு ஒட்டும் இடத்தையும் விளம்பரதாரர் பெயர் வரும் இடத்தையும் அச்சகத்தில் அளவு வாங்கிக் கோடு போட்டுக்கொண்டு பிறகு வரையுங்கள். சாமியின் பாதம் தேதிக் கட்டுக்குள் மறைந்தால் படம் திரும்பி வரும். மாதக் காலண்டரில் மேலே தகரப் பட்டை ஏறும் இடத்தில் கிரீடம் இருக்கக்கூடாது. பெட்டி, உறைக்கு முதலில் டை கோடு (வெட்டும் இடத்தையும் மடிக்கும் இடத்தையும் காட்டும் வரைபடம்) வாங்குங்கள். ஒட்டும் மடிப்பில் மை இருந்தால் பசை பிடிக்காது. உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், எடை, விலை, தயாரிப்பாளர் முகவரி எல்லாவற்றுக்கும் இடம் கேட்பார்கள். வரைந்து முடித்த பிறகு கேட்பார்கள். முன்னாலேயே ஒரு பக்கத்தை அதற்கென்று காலியாக விட்டுவிடுங்கள்.

கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பவே அனுப்பாதீர்கள். 'டாக்குமெண்ட்' வழியாகவோ டிரைவ் இணைப்பாகவோ அனுப்புங்கள். பணம் வரும்முன் காட்டுவதற்கு 1000 பிக்சல் அகலத்தில், குறுக்கே பெயர் எழுதிய பிரதி போதும்.

கூட்டு வேலை

சிறுவர் படப்புத்தகம் எழுத்தாளர், ஓவியர், பதிப்பாசிரியர், வடிவமைப்பாளர் நால்வர் சேர்ந்து இழுக்கும் தேர். பக்கம் பெரும்பாலும் 16, 24, 32 என்று எட்டின் மடங்காக இருக்கும். ஒரு பெரிய தாளை மடித்து வெட்டுவதால் அப்படி. முதல் வேலை, ஒரே தாளில் எல்லா இரட்டைப் பக்கங்களையும் தீப்பெட்டி அளவில் வரைந்து நால்வரும் உட்கார்ந்து பார்ப்பது. எந்தப் பக்கத்தைப் புரட்டும்போது யானை வர வேண்டும் என்று இங்கேதான் முடிவாகும். முகத்தை நடுமடிப்பில் வைக்காதீர்கள், பைண்டிங் விழுங்கிவிடும்.

எழுத்தாளரோடு முரண்பாடு வருவது இயல்பு. 'பாட்டி சிவப்புச் சேலை கட்டியிருந்தாள்' என்று வரியிலும் இருந்து படத்திலும் இருந்தால் ஒன்று வீண். படம் சொல்வதை எழுத்திலிருந்து எடுக்கலாமா என்று பதிப்பாசிரியர் மூலம் கேளுங்கள். எழுத்தாளரிடம் நேராகப் பேசி முடிவெடுத்துவிட்டுப் பதிப்பாசிரியருக்குச் சொல்லாமல் விடுவது பெரும் சண்டைக்கு வித்து. பத்திரிகைச் சிறுகதைக்கு வரைகிறீர்கள் என்றால் கதையை முழுதாகப் படித்துவிட்டு, முடிவு தெரியாத ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். கடைசிப் பத்தியில் சாகும் ஆளை முதல் பக்கப் படத்திலேயே பாடையில் ஏற்றிவிட்டால் எழுத்தாளர் உங்களை மன்னிக்க மாட்டார்.

இரண்டு ஓவியர்கள் சேர்ந்து, ஒருவர் கோடு ஒருவர் நிறம் என்று செய்வது வேகமான வழி. தொடங்கும்முன் மூன்றைப் பேசிவிடுங்கள்: பணப் பங்கு, பெயர் வரும் வரிசை, ஒருவர் பாதியில் விலகினால் அதுவரை செய்ததற்குக் கணக்கு. ஒருவர் பெயரில் பில் போட்டு மற்றவருக்குப் பிரித்துத் தருவதென்றால், பிடித்த வரியையும் பிரித்துக் கணக்கிடுங்கள். நண்பர்களாயிற்றே என்று இதை விடுவதால்தான் நட்பும் போகிறது. கோடு போடுபவர் மூடாத வளையமாக வரைந்தால் நிறம் கொட்டுபவருக்கு நாள் முழுக்க ஓட்டை அடைக்கும் வேலை. அடுக்குகளுக்குப் பெயரிடுங்கள், 'லேயர் 47 காப்பி' என்று விட்டுவைப்பது பாதகம்.

டி.டி.பி. கடை ஒன்றோடு ஒட்டிக்கொள்வது மதுரையில் நல்ல உத்தி. அவர்களிடம் வரும் வாடிக்கையாளரில் சிலருக்கு வரைந்த படம் தேவைப்படும். கடைக்காரர் கமிஷன் எடுப்பார், அது நியாயம். எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டு, உங்கள் அடிமட்டத்துக்கு மேல் வைத்துப் பேசுங்கள்.

பணமும் தாளும்

பான், வங்கிக் கணக்கு, வரிசை எண்ணுள்ள பில். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. நிறுவனங்கள் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்கலாம். அது போன பணம் இல்லை. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று பார்த்து, கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்பி வரும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுபவர்களும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

உத்யம் (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம். காசு கேட்கும் இணையதளம் போலி. பதிந்துகொண்டால் ஒரு பலன்: சிறுதொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் உங்களுக்குப் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வழக்குப் போடும் அளவுக்குப் போகாவிட்டாலும், பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் 45 நாள் வரியையும் அச்சிட்டாலே சில கணக்காளர்கள் காசோலையை முன்னால் நகர்த்துவார்கள்.

முடித்த வேலையின் கோப்புகளை ஆண்டு, வாடிக்கையாளர், வேலை என்று கோப்புறை போட்டு இரண்டு இடங்களில் வையுங்கள்: ஒன்று வெளி ஹார்டு டிஸ்க், ஒன்று இணையச் சேமிப்பு. கூடவே அந்த 'சரி' என்ற பதிலின் ஸ்கிரீன்ஷாட்டும். இரண்டு ஆண்டு கழித்து, 'தம்பி, அந்த அட்டை ரெண்டாம் பதிப்பு போகுது, ஃபைல் இருக்கா?' என்று போன் வரும். இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முதல் குறிப்பில் என்ன பேசினோம் என்று திறந்து பாருங்கள். முதல் பதிப்புக்கு மட்டும் என்று இருந்தால் மறுபதிப்புத் தொகையைச் சொல்லுங்கள். எல்லா அச்சுப் பதிப்புக்கும் என்று கொடுத்திருந்தால், புதுப் பக்க எண்ணிக்கைக்கு முதுகை மட்டும் மாற்றி அனுப்பி, அதற்கான கூலியைப் பில் போடுங்கள்.